செயின்ட் கிளேர் சாலையில் பிறந்த இசை

கடல் கடந்த பாட்டு: ஏழாம் பகுதி

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரியின் தென்கரையில் அமைந்த கிளீவ்லாந்து நகரம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எஃகு ஆலைகளுக்கும் ரயில் பணிமனைகளுக்கும் பெயர்பெற்றிருந்தது. அதே காலத்தில், அமெரிக்காவில் ஸ்லோவீனியர் மிகுதியாக வாழ்ந்த நகரமாகவும் அது விளங்கியது. இங்கு உருவாகி, பின்னர் 'கிளீவ்லாந்து பாணிப் போல்கா' என்று அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட இசை, தாய்நாட்டில் எக்காலத்திலும் அதே வடிவில் ஒலித்ததில்லை. ஆலைத் தொழிலாளர் தங்கிய விடுதி வீடுகளும், அவர்கள் சேமிப்பில் எழுந்த மண்டபங்களும், அயல்மொழி இசைத்தட்டுகளை விற்று வாழ்ந்த நிறுவனங்களும் சேர்ந்தே அதை உருவாக்கின. அதன் முதல் முழுமையான குழுவாகிய ஹோயர் மூவரையும், அவர்கள் வழியில் வந்தவர்களையும் பற்றியது இப்பகுதி.

ஸ்லோவீனியர் தென்கிழக்கு ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் வாழும் ஸ்லாவிய இனத்தவர். அக்காலத்தில் அவர்களுக்கெனத் தனி அரசு இல்லை. 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ், கிரான்ஸ்கா முதலிய பல மாகாணங்களில் பிரிந்து வாழ்ந்தனர். தலைமுறை தோறும் பங்கு பிரிந்து சிறுத்துப்போன நிலமும், அந்நிலத்தின் மேல் ஏறிய கடனும், பைலக்சிரா என்னும் பூச்சியால் அழிந்த திராட்சைத் தோட்டங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இளைஞர்களை ஊரைவிட்டு வெளியேற்றின. கிளீவ்லாந்துக்கு அவர்கள் வரத்தொடங்கியது 1880களில். அமெரிக்க அதிகாரிகள் தொடக்கத்தில் அவர்களை ஆஸ்திரியர் என்றே பதிவு செய்தனர். 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தாய்மொழி கேட்கப்பட்ட பின்னரே அவர்களது எண்ணிக்கை அரசு ஏடுகளில் ஓரளவு தெளிவாகத் தெரிந்தது. கம்பி ஆலைகளிலும் வார்ப்புப் பட்டறைகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் செயின்ட் கிளேர் சாலையை ஒட்டிய தெருக்களில் குடியேறினர். ரயில் பணிமனைகளை நாடியவர்கள் நகரின் வடகிழக்கே காலின்வுட் பகுதியில் தங்கினர். செயின்ட் கிளேர் பகுதியில் புனித விட்டஸ் பெயரால் ஒரு பங்குக் கோயில் 1893இல் தொடங்கப்பட்டது.

வந்தவர்களுள் பெரும்பாலோர் மணமாகாத ஆடவர், அல்லது மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஏற்கெனவே குடும்பமாக வாழ்ந்த ஸ்லோவீனியரின் வீடுகளில் மாத வாடகைக்குத் தங்கி, அவ்வீட்டுப் பெண்மணியின் கையால் உண்டு, பகல் முறையும் இரவு முறையுமாக ஆலைக்குப் போய் வந்தனர். இத்தகைய விடுதி வீடுகளைப் பற்றிச் சமூக வரலாற்றாசிரியர்கள் நெரிசலையும் நோயையும் முன்னிறுத்தியே எழுதியுள்ளனர், அது உண்மையே. ஆனால் இசை வரலாற்றைப் பொறுத்தவரை அந்தச் சமையற்கட்டும் பின்கட்டும்தான் முதல் மேடை. சனிக்கிழமை இரவுகளில், வீட்டிலேயே பிழிந்து வடித்த திராட்சை மதுவோடு (மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்த 1920 முதல் 1933 வரையிலும் இது நின்றுவிடவில்லை) ஒருவர் அக்கார்டியனை மடியில் வைத்து வாசிக்க, மற்றவர்கள் பாடினர், ஆடினர்.

அந்த அக்கார்டியனைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூறுவது அவசியம், ஏனெனில் இவ்வரலாற்றின் திருப்பங்கள் பலவும் அக்கருவியின் அமைப்பிலேயே அடங்கியிருக்கின்றன. நமக்குப் பழக்கமான ஆர்மோனியத்தைப் போலவே அக்கார்டியனிலும் துருத்தியிலிருந்து வரும் காற்று மெல்லிய உலோக நாக்குகளை அதிரச் செய்வதால்தான் ஒலி எழுகிறது. 1829இல் வியன்னாவில் சிரில் டெமியான் இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்லோவீனியச் சிற்றூர்களில் பரவிய வகை பொத்தான் அக்கார்டியன். அதில் ஒரே பொத்தானை அழுத்தித் துருத்தியை விரித்தால் ஒரு சுரமும், சுருக்கினால் வேறொரு சுரமும் பிறக்கும். பொத்தான் வரிசை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு உரியதாகையால், அந்தந்தச் சுருதியில் அமைந்த மெட்டுகளை மிக விரைவாகவும் துள்ளலோடும் வாசிக்கலாம். அந்நியச் சுரங்கள் அடிக்கடி குறுக்கிடும் மெட்டை அதில் வாசிப்பது கடினம். அமெரிக்காவில் இதற்குப் 'பட்டன் பாக்ஸ்' என்று பெயர். கிராமிய இசையின் தொன்மையான அடையாளமாக இன்று போற்றப்படும் இக்கருவி ஸ்லோவீனிய ஊர்களில் பரவலானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வயலின், கிளாரினெட், சிறு சுத்தியலால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியமான ஒப்ரேகெல் ஆகியவற்றைக் கொண்ட பழைய ஊர்க்குழுக்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. அக்கருவியில் வாசிக்கப்பட்ட போல்கா, 1830களில் பொஹீமியாவில் தோன்றி ஐரோப்பா எங்கும் பரவிய, இரண்டு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த நடன இசை. அதனுடன் இணைத்து வாசிக்கப்பட்ட வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கையில் அமைந்தது. ஆகவே குடியேறியவர்கள் கொண்டுவந்த 'பழமை' இரண்டு தலைமுறை வயதுடையது; அதன் பாதி அண்டை நாடுகளிலிருந்து வந்தது. தூய கிராமிய இசை கிளீவ்லாந்தில் கெட்டுப்போயிற்று என்று புலம்பும் விமர்சனம் இந்த உண்மையைக் கருத்தில் கொள்வதில்லை.

1913இல் கிளீவ்லாந்துக்கு வந்த அன்டோன் மெர்வர், செயின்ட் கிளேர் சாலையில் கடை வைத்து, பொத்தான் அக்கார்டியன்களைத் தம் கையாலேயே செய்து விற்றார். நாக்குகளின் சுருதிச் சுத்தத்திற்காகவும் உறுதிக்காகவும் அவர் செய்த கருவிகள் அவர் காலத்திலேயே பெயர்பெற்றன. அவர் 1942இல் இறந்த பின்னரும் வாசிப்போர் அவற்றைத் தேடி வாங்கினர். ஊரிலிருந்து கருவியை வரவழைக்கத் தேவையற்ற நிலை ஏற்பட்டபோதே இசையும் அம்மண்ணில் வேரூன்றத் தொடங்கியது எனலாம்.

கைவினைஞர் ஒரு பக்கம் துணைநிற்க, வணிகம் மறுபக்கத்திலிருந்து வந்தது. கொலம்பியா, விக்டர் ஆகிய இசைத்தட்டு நிறுவனங்கள், கிராமபோன் பெட்டிகளை விற்கவேண்டுமானால் வாங்குவோரின் தாய்மொழியில் தட்டுகள் இருக்கவேண்டும் என்பதை நன்கு அறிந்திருந்தன. தொடக்கத்தில் ஐரோப்பாவில் பதிவான தட்டுகளைக் கொண்டுவந்து விற்றன. முதல் உலகப்போர் அவ்வழியை அடைத்ததும், அமெரிக்காவிலேயே வாழ்ந்த குடியேறிகளைப் பாடவும் வாசிக்கவும் செய்து பதிவு செய்யும் வழக்கம் வலுப்பெற்றது. கொலம்பியா நிறுவனம் 1923 முதல் தன் அயல்மொழித் தட்டுகளுக்கு 'எஃப்' என்னும் எழுத்தில் முடியும் தனி எண்வரிசை வைத்தது. இவ்வரிசைத் தட்டுகள் பெருங்கடைகளைவிட அந்தந்தச் சமூகத்தாரின் குடியிருப்புகளில் இருந்த அறைகலன் கடைகளிலும் சிறு கடைகளிலுமே மிகுதியாக விற்றன.

ஹோயர் மூவர் இச்சூழலிலிருந்தே எழுந்தனர். மாட் ஹோயர் என்று மேடையில் அறியப்பட்டவர், ஸ்லோவீனியாவின் தென்பகுதியிலுள்ள சொட்ராஜிட்சா என்னும் ஊரில் 1891இல் மத்தியா ஆர்கோ என்ற பெயரில் பிறந்தவர். அவர் பொத்தான் அக்கார்டியன் வாசிக்க, அவருடைய ஒருவழிச் சகோதரர்களான எடி சிம்ஸ், பிராங்க் சிம்ஸ் இருவரும் பாஞ்சோவையும் கிதாரையும் வாசித்தனர். பாஞ்சோ என்பது தோல் போர்த்திய வட்டமான உடலைக்கொண்ட தந்தி வாத்தியம். ஆப்பிரிக்க வழிவந்த அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் தோன்றி, அக்காலத்தில் ஜாஸ் குழுக்களில் தாளம் காட்டப் பெரிதும் பயன்பட்டது. ஸ்லோவீனிய ஊர்த்திருவிழாவில் எவரும் கண்டிராத இக்கருவியை அக்கார்டியனுக்கு அருகில் அமர்த்தியதே ஹோயர் குழு செய்த பெரும் செயல். அக்கார்டியனின் இடக்கைப் பொத்தான்கள் தரும் அடிச்சுரம் தாளத்தின் வலிய அடியில் விழ, பாஞ்சோவின் கூர்மையான கணீர் ஒலி மெலிந்த அடியில் விழும்; இந்த இரட்டைச் சந்தத்தால் ஆடுபவரின் கால் தானாகவே எழும்பும். மேலும், அக்காலப் பதிவுக் கருவிகள் பெருமுழவின் ஒலியைச் செவ்வனே வாங்கமாட்டாதவை. பாஞ்சோவின் ஒலியோ அவற்றில் தெளிவாகப் பதிந்தது. மூன்றே பேர் கொண்ட குழுவாக இருந்ததால் வீட்டுத் திருமணத்திற்கும் அழைக்கலாம், மதுக்கூடத்தின் மூலையிலும் அமர்த்தலாம். 1920களில் அவர்கள் பதிந்த தட்டுகள், கிளீவ்லாந்தைத் தாண்டி, பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊர்களிலும் வாழ்ந்த ஸ்லோவீனியர் வீடுகளுக்குச் சென்று, அங்கிருந்த இளைய வாத்தியக்காரர்களுக்குப் பாடமாக அமைந்தன.

அதே பத்தாண்டில் இன்னொரு கிளையும் தழைத்தது. பல் மருத்துவரான வில்லியம் லௌஷி நல்ல பியானோ கலைஞர்; ஸ்லோவீனியர் பாடிவந்த நாட்டார் பாடல்களைத் திரட்டி, அவற்றின் மெட்டைக் குலைக்காமல், இடக்கையில் ஜாஸின் தாளப்போக்கைச் சேர்த்து இசையமைத்தார். அவருடைய சகோதரி ஜோசபின் லௌஷியும் மேரி உடோவிச்சும் இணைந்து பாடிய தட்டுகள் அன்றைய ஸ்லோவீனியக் குடும்பங்களில் பெருவிருப்பத்தோடு கேட்கப்பட்டன. பிற்கால வரலாறுகள் அக்கார்டியன் வாசித்த ஆடவர்களையே வரிசைப்படுத்திச் செல்கின்றன. விடுதி வீடுகளைக் கட்டிக்காத்த பெண்களின் பாட்டு மரபு இசைத்தட்டில் நிலைபெற இவ்விரு பெண்களே காரணமாயினர் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். வில்லியம், ஜோசபின் ஆகியோரின் உடன்பிறந்தவரான பிராங்க் லௌஷி பின்னர் கிளீவ்லாந்தின் மேயராகவும், ஒகையோவின் ஆளுநராகவும், அமெரிக்க செனட் உறுப்பினராகவும் உயர்ந்தார்.

குழுக்கள் நிலைத்துத் தொழில் செய்ய மண்டபங்கள் வேண்டியிருந்தன. விபத்தில் கையிழந்த தொழிலாளிக்கும் மாண்டவரின் குடும்பத்துக்கும் ஈட்டுத்தொகை வழங்க, உறுப்பினர் சந்தாவால் நடந்த பரஸ்பர உதவிச் சங்கங்கள் ஸ்லோவீனியரிடையே ஏராளம். கத்தோலிக்கர்களின் சங்கம் 1894இல் ஜோலியட் நகரிலும், சமயச் சார்பற்ற ஸ்லோவீனிய தேசிய உதவிச் சங்கம் 1904இல் சிகாகோவிலும் தோன்றின. இவற்றின் கிளைகளும் தனி மனிதர்களும் பங்குகள் வாங்கித் திரட்டிய பணத்தில், செயின்ட் கிளேர் சாலையில் ஸ்லோவீனிய தேசிய இல்லம் 1924 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. பெரிய அரங்கம், நூலகம், கூட்ட அறைகள் அனைத்தும் அதில் இருந்தன. 1916இல் தோன்றிய ஸார்யா முதலிய பாடகர் சங்கங்கள் அம்மேடையில் நான்கு குரல் சேர்ந்திசையும் இசை நாடகங்களும் நடத்தின. அதே அரங்கில் மற்ற இரவுகளில் வெசேலிட்சா என்னும் கேளிக்கை விழாக்களும், இலையுதிர் காலத்தில் மேற்கூரையிலிருந்து திராட்சைக் குலைகளைத் தொங்கவிட்டு நடத்தும் அறுவடை நடனமும் அக்கார்டியன் குழுக்களுக்கு வாழ்வளித்தன. கோயிலைச் சேர்ந்தவர்களும் சோஷலிசச் சார்புடையவர்களும் செய்தித்தாள், சங்கம், நாடகம் என்று எல்லாவற்றிலும் பிரிந்து நின்ற காலத்தில், இரு தரப்பாரும் தயங்காமல் அழைத்தது அக்கார்டியன்காரரைத்தான். சேர்ந்திசையே உயர்ந்தது, அக்கார்டியன் மதுக்கூடத்துக்கு உரியது என்று கருதிய படித்தவர்கள் அன்று இருந்தனர். ஆனால் பிளவுபட்ட சமூகத்தை ஒரே தரையில் நிறுத்திய வேலையை அந்த மதுக்கூட இசை செய்தது.

தேசிய இல்லம் திறக்கப்பட்ட அதே 1924இல் அமெரிக்க நாடாளுமன்றம் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஸ்லோவீனியர் நாடு அப்போது யுகோஸ்லாவியாவின் பகுதி. அந்நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 671 பேர் மட்டுமே வரலாம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. ஊரிலிருந்து புதிய ஆட்களும் புதிய பாட்டுகளும் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. இனி இவ்விசையை வாசிக்கவேண்டியவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்து, தெருவில் ஆங்கிலமும் வீட்டில் ஸ்லோவீனியமும் பேசி, வானொலியில் ஸ்விங் என்னும் ஜாஸ் நடன இசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அவர்களுடைய இசை தந்தையரின் இசையிலிருந்து வேறுபட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை.

அப்பிள்ளைகளுள் மிகப் புகழ்பெற்றவர் பிராங்கி யாங்கோவிக். மேற்கு வர்ஜீனியாவின் டேவிஸ் என்னும் மரவெட்டு ஊரில் 1915 ஜூலை 28 அன்று பிறந்து, கைக்குழந்தையாகவே காலின்வுட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவர் வீடும் விடுதி வீடே. அங்குத் தங்கியிருந்த மாக்ஸ் ஸெலோடெட்ஸ் என்பவரிடம்தான் பொத்தான் அக்கார்டியன் கற்றார். வாலிபப் பருவத்தில் அவர் பியானோ அக்கார்டியனுக்கு மாறினார். இதில் வலக்கைப் பக்கம் பியானோவைப் போன்ற கட்டைகள் இருக்கும். துருத்தி விரிந்தாலும் சுருங்கினாலும் ஒரு கட்டைக்கு ஒரே சுரம். பன்னிரண்டு சுரத்தானங்களும் கைக்கு எட்டுவதால் எந்தச் சுருதியிலும், எந்த நாட்டு மெட்டையும் வாசிக்கலாம். பொத்தான் பெட்டியின் துள்ளலில் ஒரு பகுதி இதனால் இழக்கப்பட்டது. ஆனால் இத்தாலியரும் போலந்தியரும் செக்கரும் ஜெர்மானியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த காலின்வுட்டில், எல்லார் வீட்டுத் திருமணத்திலும் வாசிக்கக்கூடிய குழுவுக்கு இம்மாற்றம் தவிர்க்கமுடியாதது.

1930களில் பெரிய நிறுவனங்கள் முன்வராதபோது, யாங்கோவிக் தம் சொந்தச் செலவில் தட்டுகள் பதிந்து, சிறு முத்திரைகளின் கீழ், 'ஸ்லோவீனிய நாட்டார் இசைக்குழு' என்னும் பொதுப்பெயரில் வெளியிட்டார். அவை உள்ளூரிலேயே விற்றுத்தீர்ந்தன. 1941இல் காலின்வுட்டில் அவர் தொடங்கிய மதுக்கூடம் இசைக்கலைஞர்களின் கூடுமிடமாயிற்று. 1943இல் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரின் ஆர்டென் காட்டுப் போரில் கடுங்குளிரால் கைகால்கள் அழுகும் நிலைக்கு உள்ளானபோது, அவற்றை வெட்டவேண்டும் என்ற மருத்துவர்களின் யோசனையை ஏற்க மறுத்தார். மருத்துவமனையில் அக்கார்டியன் வாசித்தே விரல்களை மீட்டுக்கொண்டார்.

போருக்குப் பின் அவர் அமைத்த 'யாங்க்ஸ்' குழுவில் கிளீவ்லாந்து பாணி தன் முழு வடிவத்தை எட்டியது. யாங்கோவிக் ஓர் அக்கார்டியனில் மெட்டை நேராகவும் தெளிவாகவும் வாசிக்க, ஜானி பேகான் இரண்டாவது அக்கார்டியனில் இணைச்சுரங்களையும், ஜாஸிலிருந்து பெற்ற விரைவான குறுஞ்சங்கதிகளையும் இடைவெளிகளில் நிரப்பினார். ஜார்ஜி குக் பாஞ்சோவும், ஆல் நாக்லிட்ச் பியானோவும், மற்றொருவர் பேஸ் என்னும் பெருந்தந்தி வாத்தியமும் வாசித்தனர். ஹோயர் மூவரின் அமைப்பின் மையம் இதனுள் அப்படியே இருப்பதைக் கவனிக்கலாம்: நடுவே அக்கார்டியன், மெலிந்த அடியில் பாஞ்சோ. சேர்ந்தவை பியானோவும் பேஸும் இரண்டாவது அக்கார்டியனும் மட்டுமே. சிகாகோவிலும் பிற நகரங்களிலும் வளர்ந்த போலந்தியர் போல்காவில் ஊதுகருவிகள் முன்னிற்கும். கிளீவ்லாந்தில் அக்கார்டியனே தலைமை தாங்கும். இரு பாணிகளுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

1948 ஜனவரி முதல் நாளிலிருந்து இசைத்தட்டுப் பதிவுகளில் பங்கேற்பதில்லை என்று அமெரிக்க இசைக்கலைஞர் தொழிற்சங்கம் அறிவித்திருந்தது. அதற்கு முந்திய நாள், 1947 டிசம்பர் 31 அன்று, சிகாகோவில் யாங்க்ஸ் குழு 'ஜஸ்ட் பிகாஸ்' என்னும் பாடலைப் பதிவு செய்தது. அது ஸ்லோவீனியப் பாடலன்று. 1929 முதல் அமெரிக்கத் தென்மாநில நாட்டுப்புறக் குழுக்கள் பாடிவந்தது. போல்காவாக மாறிய அப்பாடல் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1948இல் மில்வாக்கி நகரில் நடந்த போட்டியில் யாங்கோவிக் 'அமெரிக்காவின் போல்கா மன்னர்' என முடிசூட்டப்பட்டார். அடுத்த ஆண்டு வந்த 'புளூ ஸ்கர்ட் வால்ட்ஸ்' செக் இசையமைப்பாளர் வாட்ஸ்லாவ் பிளாஹாவின் மெட்டு; அதுவும் பெருவிற்பனை கண்டது. இத்தட்டுகள் முழுக்க ஆங்கிலத்தில் பாடப்பட்டிருந்தும், கொலம்பியா நிறுவனம் அவற்றுக்கு அயல்மொழி வரிசையின் 'எஃப்' எண்ணையே தந்தது. முப்பதாண்டுக் காலமாக அமெரிக்க மண்ணில் வளர்ந்த ஓர் இசையை, அந்நாட்டின் வணிகம் இன்னும் வெளியூர்ச் சரக்காகவே கணக்கெழுதி வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலையும் உண்டு. ஸ்லோவீனியச் சொற்கள் பாடல்களிலிருந்து படிப்படியாக விலகின. மெட்டு நிலைக்க, பேரப்பிள்ளைகள் பொருள் அறியாமல் ஆடினர். பேகானும் லூ ட்ரெபாரும் இணைந்து நடத்திய குழு, ஜானி வாட்னலின் குழு போன்றவை நாட்டார் மெட்டுகளை விடாமல் வாசித்தன. உள்ளூர்த் தொலைக்காட்சியில் 1956இல் தொடங்கிய 'போல்கா வெரைட்டீஸ்' நிகழ்ச்சியும், 1961 முதல் டோனி பெட்கோவ்ஷெக் வானொலியில் நடத்திய நிகழ்ச்சிகளும் இக்குழுக்களைப் பலரிடம் கொண்டு சென்றன. கடலுக்கு அப்பால், ஸ்லோவீனியாவின் பெகுன்யே ஊரில் 1953இல் ஸ்லாவ்கோ அவ்செனிக் அமைத்த குழு, அக்கார்டியனோடு ட்ரம்பெட், கிளாரினெட், கிதார், பாரிட்டோன் என்னும் ஊதுகருவி ஆகியவற்றைச் சேர்த்து முற்றிலும் வேறு ஒலியைப் படைத்து, ஜெர்மன் பேசும் நாடுகளையெல்லாம் கவர்ந்தது. ஒரே மெட்டுச் செல்வத்திலிருந்து பிறந்த இவ்விரு பாணிகளில், தாய்நாட்டுப் பாணியே அசல், குடியேறிகளின் பாணி அதன் நகல் என்று கூறுவோர் உண்டு. காலக்கணக்கே அதை மறுக்கிறது: ஹோயர் மூவரின் தட்டுகள் விற்றுக்கொண்டிருந்தபோது அவ்செனிக் பிறந்திருக்கவில்லை, அல்லது தொட்டிலில் இருந்தார், அவர் பிறந்தது 1929இல்.

கிராமி விருதுக் குழு போல்காவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கி, 1986இல் அதன் முதல் விருதை யாங்கோவிக்குக்கு வழங்கியது. 2009இல் அப்பிரிவே நீக்கப்பட்டது. 1987இல் நிறுவப்பட்ட கிளீவ்லாந்து பாணிப் போல்கா தேசிய மாண்பரங்கம் நகரை அடுத்த யூக்ளிட்டில் உள்ளது. யாங்கோவிக் 1998 அக்டோபர் 14 அன்று மறைந்தார். மன்னர் என்ற பட்டம் அவருக்குப் பொருந்தும். ஆனால் இப்பாணியின் அடித்தளத்தை இட்டவர் என்ற பெருமை மாட் ஹோயருக்கே உரியது. இதைச் சரிபார்க்க விரும்பும் வாசகர், ஹோயர் மூவரின் 1920களின் தட்டு ஒன்றையும் 'ஜஸ்ட் பிகாஸ்' தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, இரண்டிலும் பாஞ்சோ எந்த அடியில் விழுகிறது என்பதை மட்டும் கவனிக்கவேண்டும்.